அன்செல்மோ அறையில் நடக்கும் தண்டனைப் பணியை நிறுத்துவது குறித்து

அனுப்புநர்
ஒத்திலியா பராகான்,
சோளக்கஞ்சிக் கடை, பெரிய வாசல் எதிரே,
சான் ஹசிந்தோ பொது மருத்துவமனை,
வெராக்ரூஸ் மாநிலம், மெக்சிகோ.

பெறுநர்
செயலாளர் அவர்கள்,
மாநில மக்கள் நல்வாழ்வுத் துறை.

பொருள்: மேற்படி மருத்துவமனையில் பயிற்சி மருத்துவர்களுக்கு அளிக்கப்படும் தண்டனைப் பணியை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இங்கு அறுவை சிகிச்சைப் பயிற்சி தொடங்கிய ஆண்டு முதல் வாசலில் கடை வைத்திருக்கிறேன். பயிற்சியின் பொன்விழாவுக்கு வரலாற்று மலர் தயாராகிறது. அதில் போட என் மகன் டாக்டர் அன்செல்மோவின் புகைப்படம் கேட்டிருக்கிறார்கள். மலரில் வராத வரலாற்றைத் தங்கள் பார்வைக்குப் பணிவுடன் வைக்கிறேன்.

2. பயிற்சியைத் தொடங்கிய தலைமை மருத்துவர் லதிஸ்லாவோ உர்ரேயா ஒரு வழக்கத்தையும் சேர்த்தே தொடங்கினார். முதலாண்டு மருத்துவர் தவறு செய்தால், பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் அடுத்தவர் பணியையும் பார்க்க வேண்டும். அவர் ஓய்வு பெற்று, போய்ச் சேர்ந்தும்விட்டார். தண்டனை பெற்றவர்களோ மூத்தவர்களானதும் அடுத்து வந்தவர்களுக்கு அதை வட்டியும் முதலுமாகக் கொடுத்து வருகிறார்கள்.

3. என் மகன் அப்படியொரு தண்டனை முடிந்து காரோட்டி வரும்போது, மலைப்பாதையில் கண் அயர்ந்து பள்ளத்தில் விழுந்து இறந்தான். மருத்துவமனை வருந்தி, பயிற்சி மருத்துவர்களின் ஓய்வறைக்கு அவன் பெயரை வைத்தது. பித்தளைப் பலகையை நானே திறந்து வைத்தேன். இன்று தண்டனை பெற்றவர்களை அந்த அறையில்தான் தங்க வைக்கிறார்கள். "அவன அன்செல்மோகிட்ட அனுப்பு" என்று மூத்தவர்கள் சிரிப்பது என் கடை வரை கேட்கிறது.

4. கடந்த திங்களன்று முதலாண்டு மருத்துவர் நசாரியோ என் கடையில் ஒரு குவளை கஞ்சி குடித்தார். மூத்தவர்கள் சாப்பிடும் முன் முதலாண்டினர் வாயில் எதையும் வைக்கக் கூடாதாம். அதற்காக ஞாயிறு வரை தண்டனை. நேற்று மூத்தவர்களுக்குச் சாப்பாடு வாங்க வந்தவர், நின்றபடியே உறங்கிவிட்டார். கையிலிருந்த குவளை சாய்ந்து, கொதிக்கும் கஞ்சி விரல்களில் வழிந்தது. அப்போதும் விழிக்கவில்லை. உலுக்கி எழுப்பினேன். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க தோன்யா ஒத்திலியா. இன்னும் ரெண்டு ஆபரேஷன் இருக்கு" என்று சொல்லிவிட்டு அந்தக் கையோடு உள்ளே போனார்.

5. இத்தண்டனையை விதித்தவர் பயிற்சி மருத்துவர்களின் தலைவியான டாக்டர் கிரிசெல்டா. அவர் என் மகள். கேட்டதற்கு, "நாங்க எல்லாரும் இதத் தாண்டித்தான் வந்தோம்மா. அன்செல்மோ அண்ணனும்தான்" என்றாள். அவன் தாண்டவில்லையே என்றேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பெற்றவள் பேச்சு எடுபடாத இடத்தில் அரசாங்கத்தின் பேச்சாவது எடுபடும் என்று நம்பியே எழுதுகிறேன்.

6. ஆகவே, இவ்வழக்கத்தை உடனே தடை செய்து, என் மகன் பெயர்ப் பலகையைக் கழற்றி என்னிடம் ஒப்படைக்க ஆணையிடுமாறு வேண்டுகிறேன். ஞாயிறு காலை நசாரியோவை வெளியே விடுவார்கள். அவர் வீட்டுக்கும் அதே மலைப்பாதைதான். கடையோரம் நிற்கும் அவருடைய மோட்டார் சைக்கிளின் சாவியை எடுத்து ஒளித்து வைத்திருக்கிறேன். திருட்டு என்றால் வழக்குப் போடட்டும். ஆனால் ஞாயிறு வரை அவர் கையில் இருக்கும் அறுவைக் கத்தியை என்னால் பிடுங்க முடியாது. அதைத் தாங்கள்தான் செய்ய வேண்டும்.

இடம்: மருத்துவமனை வாசல்
நாள்: வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
ஒத்திலியா பராகான்
(டாக்டர் அன்செல்மோவின் தாய்,
டாக்டர் கிரிசெல்டாவுக்கும் தாய்)