ஹாலுக்கு வந்த ஊஞ்சல்

நவம்பர் 12, ஞாயிறு. ஊரப்பாக்கம்.

கவிதா இறப்பதற்கு முன் ஹாலுக்கென்று சொல்லிவைத்த தேக்கு ஊஞ்சல் இன்று வந்தது. திருப்பி அனுப்பிவிடப் பார்த்தேன். அவளுடைய அம்மா விடவில்லை. "அவ ஆசப்பட்டது மாப்ள. மாட்டிடலாம்."

பித்தளைச் சங்கிலிகளை மாட்டிவிட்டு ஆசாரி என்னைக் கூப்பிட்டார். "உக்காருங்க சார், வெயிட்டு தாங்குதான்னு பாத்துடலாம்."

கொக்கிகள் தாங்கும் என்று நான் ஏற்கெனவே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். உட்கார்ந்தேன். பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"இன்னா சார், ஓரமா குந்திகினு? நடுவுல வாங்க."

அப்போதுதான் கவனித்தேன், கவிதாவுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருக்கிறேன். நகர முடியவில்லை.

மாப்பிள்ளை எதிரில் ஒருநாளும் உட்காராத அத்தை, வந்து அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

"இப்போ கரீட்டா கீது" என்றார் ஆசாரி.

அவர் போன பிறகும் நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை.