ஒன்பதாம் கட்டத்தின் மண்

ஏப்ரல் 3, 2061. காலை 07:10

காற்று மணிக்கு அறுபது கிலோமீட்டர். மண்ணின் வெப்பம் 2.4 டிகிரி. தென்கோடித் தீவின் ஆய்வுக் குடிலில் நான் ஒருவனே இருக்கிறேன்: செங்குட்டுவன், வயது ஐம்பத்து நான்கு, மண் நுண்ணுயிரியல். தீவுக்கே உரிய மெத்தைச்செடியின் வேர்மண்ணையும், பழைய திமிங்கில வேட்டைக் கப்பல்களின் வைக்கோலோடு வந்து பரவிய அயல்புல்லின் வேர்மண்ணையும் ஒப்பிடுவது என் பணி. நிலத்தில் கயிறு கட்டிப் பிரித்த சோதனைக் கட்டங்கள் மொத்தம் இருபத்து நான்கு. பன்னிரண்டில் மண் இருந்தபடியே இருக்கிறது. மற்றப் பன்னிரண்டில் மண்ணைத் தோண்டி, நீராவியில் அவித்து, உயிரற்றதாக்கி, மீண்டும் நிரப்பி, அயல்புல்லின் மண்ணை ஒரு கரண்டி கலந்திருக்கிறேன்.

அவித்தவற்றில் ஒன்றான, கரையோரத்து ஒன்பதாம் கட்டத்தில் மெத்தைச்செடிகளின் இலைகள் மஞ்சளாகப் பழுத்துள்ளன. குளிர் காரணமாக இருக்கலாம்.

ஏப்ரல் 12. மாலை 16:40

குளிர் காரணமன்று. அவித்த பன்னிரண்டு கட்டங்களிலும் செடிகள் மடிந்துவிட்டன. வேர்கள் சாம்பல்நிறக் கூழாகிவிட்டன. அயல்புல்லின் வேரில் சாதுவாக ஒட்டி வாழ்ந்த பூஞ்சை ஒன்று, எதிரிகளே இல்லாத வெற்று மண் கிடைத்ததும் பெருகி உருமாறியிருக்கிறது. இப்போது அது தன்னை வளர்த்த புல்லையும் தின்கிறது. அவிக்காத கட்டங்களுக்கும் பரவிவிட்டது.

உயிருள்ள தீவில் மண்ணை அவிக்க வேண்டாம், அதைத் தொட்டியில் செய்யலாம் என்று இயக்குநர் வரதராஜுலுவுக்கு முன்பே மூன்று கடிதங்கள் எழுதினேன். ஒப்பீடு இல்லாத கட்டுரையை எவரும் ஏற்கமாட்டார்கள் என்று பதில் வந்தது. அவித்தது என் கை. அதையும் பதிகிறேன்.

ஏப்ரல் 14. பகல் 13:05

உணவுக்கு வைத்திருந்த பாசிப்பயறை முளைகட்டி, நோய்ப்பட்ட மண்ணில் வைத்துச் சோதித்தேன். வெளியே, இரண்டு டிகிரியில், முளை கூழாக ஆறு நாள் ஆகும் என மதிப்பிடுகிறேன். அடுப்பருகே, முப்பது டிகிரியில், ஐந்து மணி நேரம் ஆயிற்று. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் ஐந்து மணி நேரமே.

குளிர்தான் இதுவரை அதைக் கட்டிவைத்திருக்கிறது. வெப்பநாட்டு வயல் ஒன்றில் இது விழுந்தால் என்ன ஆகும் என்பதை எழுத எனக்கு விருப்பமில்லை.

ஏப்ரல் 15. காலை 10:20

இயக்குநரின் செய்தி, முழுமையாக: "செங்குட்டுவன், பதற்றம் வேண்டாம். இது பெரிய கண்டுபிடிப்பு. மாதிரிகளை இரட்டை உறையில் போட்டுக் கப்பலில் கொண்டு வாருங்கள். மற்றதை இங்கே பேசிக்கொள்வோம்."

மாதிரிகள் அனைத்தையும் எரித்துவிட்டேன். அவரிடம் பேச இனி எதுவுமில்லை.

ஏப்ரல் 17. காலை 08:30

இரவெல்லாம் இருமல். சளியை உருப்பெருக்கியில் பார்த்தேன். அதே சாம்பல் இழைகள். உடையைக் கழற்றலாம், காலணியைக் கொளுத்தலாம், நுரையீரலைக் கழுவ வழியில்லை.

ஆகவே நான் ஊர் திரும்பக் கூடாது.

ஏப்ரல் 19. பகல் 11:45

என்னை அழைத்துப்போக வரும் 'நீலமணி' கப்பலின் வானொலிக்காரர் சுடலைமுத்து, தூத்துக்குடிக்காரர், பேசினார். கரையிறங்க வேண்டாம், எனக்குத் தொற்று என்றேன். மண்ணைப் பற்றிச் சொல்லவில்லை; சொன்னால் இயக்குநர் அவர்களிடமே மாதிரி கேட்பார்.

"என்னய்யா இப்பிடிச் சொல்லுதிய? சளி இருமலுக்கெல்லாமா ஒரு மனுசன விட்டுட்டுப் போவாவ? நாளைக்கு மத்தியானம் அங்கன நிப்போம். சமையக்காரன் உங்களுக்குன்னு வத்தக்குழம்பு வச்சிருக்கான். நீங்க வரலேன்னா எங்க தலையில கட்டிருவான், அது தெரியுமா?"

வீட்டுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றும் கேட்டார். மனைவி மங்கையர்க்கரசியின் பெயரை அவர் உச்சரித்ததும் இணைப்பைத் துண்டித்தேன்.

நல்லவர்கள். நான் உயிரோடு இருக்கும்வரை வந்தே தீருவார்கள். எனவே நான் இறந்தவனாக வேண்டும்.

ஏப்ரல் 20. காலை 09:15

கரையில் கம்பம் நட்டு அறிவிப்பைக் கட்டினேன்: "நான் கடலில் இறங்கிவிட்டேன். குடிலுக்குள் வராதீர்கள். என் பொருள் எதையும் எடுக்காதீர்கள். இது என் கடைசி வேண்டுகோள்." கரை முழுதும் பாறை. குழி தோண்ட இடம் கொடுத்தது ஒன்பதாம் கட்டம் மட்டுமே. கப்பலேறுமுன் காலணிகளை மருந்தில் முக்குவது அவர்கள் வழக்கம்.

வானொலியின் அனுப்புகருவியைச் சுத்தியலால் உடைத்தேன். என் மீது எனக்கு நம்பிக்கையில்லை. அழைத்துவிடுவேன். கேட்கும் கருவியை மட்டும் விட்டுவைத்தேன், அவர்கள் போவதை அறிய.

ஏப்ரல் 20. பகல் 13:50

மேட்டுப் பாறைப்பிளவில் படுத்திருக்கிறேன். ரப்பர் படகில் நால்வர். ஒலிபெருக்கியில் என் பெயர். பதினோரு முறை அழைத்தார்கள். வாயில் கையுறையைத் திணித்துக்கொண்டு இருமினேன். எழுந்து நின்றால் போதும், உயிர் பிழைப்பேன்.

எழவில்லை.

குடிலுக்குள் அவர்கள் போகவில்லை. கம்பத்தடியில் குனிந்து கும்பிட்டார்கள். திரும்பிவிட்டார்கள்.

ஏப்ரல் 20. மாலை 15:30

குடிலுக்கு வந்தேன். கப்பல் முனையைத் தாண்டிவிட்டது. கருவியில் சுடலைமுத்து, என் வீட்டுக்கு:

"அம்மா, ஐயா சொன்னத மீறல. அவிய பொருள் ஒண்ணையும் தொடல. ஆனா உடம்பு இல்லாம காரியம் எப்பிடிச் செய்வீய? அதான் அவிய கம்பத்தடியில ஒரு பிடி மண்ணு அள்ளி, என் துண்டுல முடிஞ்சு வச்சிருக்கேன். நானே கொண்டாந்து உங்க கையில தாரேன். துளசிக்கு அடியில போடுங்க. ஐயா வீட்டுலயே இருக்க மாதிரி இருக்கும்லா."

காலணி, உடை, பெட்டி, காகிதம், கயிறு. எல்லாவற்றையும் கணக்கிட்டேன். துக்கத்தைக் கணக்கிடவில்லை.

15:52

உடைந்த கருவியை ஒட்டவைக்கிறேன். கம்பிகள் சேரவில்லை.

16:30

முனைக்கு ஓடினேன். கத்தினேன். புகை மூட்டினேன். கடல் வெறுமை.

நேரம் தெரியவில்லை

தூத்துக்குடிக்குப் பத்தொன்பது நாள். ஏழாம் நாளிலிருந்து வெயில்.

மங்கை, கை நீட்டாதே. மங்கை