அவர் ஆடிய கதை

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். சித்தூர் முழுக்கச் சேறு. பள்ளிக்கு அரை நாள் விடுப்பு. அவருக்குச் சட்டைப் பட்டன் போட்டுவிட்டேன். இன்று என் கையைத் தட்டிவிடவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

வாங்க வேண்டியது: ஸ்ட்ரா, பிடி தடித்த ஸ்பூன், டீ-சர்ட் இரண்டு (பட்டன் இல்லாதது), பினாயில்.

வேலூர் டாக்டர் சொல்லி நான்கு மாதம். நரம்பு நோய். கையில் தொடங்கியது காலுக்குப் போகும், அப்புறம் பேச்சுக்கு. மருந்து தள்ளிப்போடும், நிறுத்தாது. தெரிந்தவர்கள் மூன்றே பேர்: அவர், நான், அவர் தம்பி சாமுவேல். குப்பம் ஊரில் கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் ஷீபாவிடம் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லி வைத்திருக்கிறார். “பரீட்ச முடியட்டும்” என்கிறார். எந்தப் பரீட்சை என்று கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டச் சொன்னார்.

ஆகஸ்ட் 6, புதன்

திருப்பதி. அவர் பத்தொன்பது வருடம் நடத்திய வீடியோ கேம் கடை சாமுவேல் பெயருக்கு மாறுகிறது. அதற்கான தாள்களை வாங்கப் போனேன்.

கடையில் ஒரு அம்மா, மகனுக்கு எடுத்த டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, தெலுங்கில்: “இதி கேமா, சினிமாவா?”

சாமுவேல் சிரித்தான். “ரெண்டூ மேடம்.”

என் வீட்டுக்காரர், சினிமா போலக் கதை ஓடும் இப்படிப்பட்ட கேம்களைக் கேட்டு வருபவர்களை, “தியேட்டருக்குப் போய் டிக்கெட் வாங்கு” என்று அனுப்பிவிடுவார். பார்த்துக்கொண்டே இருப்பதெல்லாம் ஆட்டமா என்பார். பந்தயம், சண்டை, கால்பந்து மட்டும்தான் அவருக்கு ஆட்டம். விரல் அவ்வளவு வேகம் அப்போது.

“இப்போ லாபமே இதுலதான் அண்ணி,” என்றான் சாமுவேல். “பந்தயமெல்லாம் ஃபோன்லயே ஆடிக்கினு இருக்காங்க. அண்ணன் இருந்தா இத வித்திருக்காது.”

இருந்தா. சொன்ன பிறகுதான் அவனுக்கே கேட்டது. தாள்களை அடுக்க ஆரம்பித்தான். கிளம்பும்போது ஒரு டிஸ்க்கைப் பையில் போட்டான். “அண்ணனுக்கு. ஒரு பட்டன் போதும் இதுக்கு.”

பஸ்ஸில் பூதலப்பட்டு வரை நின்றுகொண்டே. கால் வீக்கம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

கையெழுத்து வரவில்லை. மூன்று தாள் வீணானது. பி.காம். படித்தவர், கடைசியில் கட்டைவிரல் வைத்தார். மையைத் துடைத்துவிட்டேன். நகக்கண்ணில் கொஞ்சம் நின்றுவிட்டது.

டிஸ்க்கைக் காட்டினேன். “அவன் வியாபாரத்துக்கு வித்துக்கட்டும். எனுக்கு எதுக்கு? கை இருக்கறவன் ஆடற ஆட்டமா இது?” சொல்லிவிட்டுத் தன் கையைப் பார்த்தார்.

இரவு ரசம் மட்டும்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்தேன். வாசலிலேயே டிவி சத்தம். ஆடிக்கொண்டிருந்தார். கண்ட்ரோலரை மடியில் வைத்து, விரல் முட்டியால் அமுத்திக்கொண்டு. நான் வந்தது தெரியவில்லை.

கதையில் ஒரு படகுக்காரன். புயல், கவிழ்ந்த படகு, கயிற்றைப் பிடிக்க நான்கைந்து நொடிதான்.

“ரெண்டு வாட்டி செத்துட்டான்,” என்றார். “என் கை லேட்டு.”

“அப்போ இது கேம்தானா?”

யோசித்தார். “கேம்தான். தோக்க முடியுதுல்ல.”

மூன்றாம் தடவை பிழைத்தான். சாப்பாடு ஆறிப்போனது. நான்கு மாதத்தில் அவருடைய பழைய முகத்தை இன்றுதான் பார்த்தேன். சமையலறைக்குப் போய் அழுதேன், கொஞ்சம்.

ஆகஸ்ட் 13, புதன்

வெயில். ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள் பாக்கி. பள்ளி விட்டு வந்ததும் கூப்பிட்டார். விரல் முட்டியும் இன்று எழவில்லை. “நான் சொல்றேன், நீ அமுத்து கிரேஸ்.”

கதை கிட்டத்தட்ட முடியும் இடம். படகுக்காரன் திரும்பி வர முடியாத ஊருக்குப் போகிறான். விடியற்காலை. மகள் தூங்குகிறாள். திரையில் இரண்டு வழி: எழுப்பிச் சொல்லலாம், சொல்லாமல் போகலாம்.

“எழுப்பாத. தூங்கட்டும்.”

நான் எழுப்பினேன்.

“நான் இன்னா சொன்னேன்?”

“கேட்டுதுங்க.”

“இது என் ஆட்டம்.”

“உங்களுதுதான். ஆனா அந்தப் பொண்ணும் அதுல இருக்குதே.”

திரையில் சிறுமி கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுந்தாள். என்ன கேட்டாளோ, நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தப்புச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன். டிவியை அணைத்தேன். விடைத்தாளை எடுத்து வைத்து ஒன்றைக்கூடத் திருத்தவில்லை.

ஐந்து மணி இருக்கும். “ஃபோன் போடு,” என்றார்.

ஸ்பீக்கரில் போட்டு அவர் தோளருகில் பிடித்துக்கொண்டேன். ஷீபா துணி துவைத்துக்கொண்டிருந்தாள் போல.

“நைனா, வெள்ளிக்கெழம லீவு. வரட்டுமா? கழுத்து எப்டி இருக்குது?”

“வாம்மா.” ஃபோன் பக்கம் முகத்தைத் திருப்பினார். “கழுத்துல ஒன்னுமில்ல ஷீபா. நைனா உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்.”

அந்தப் பக்கம் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும். பிறகு அவள் குழாயை மூடினாள்.