நான் புரட்டாமல் விட்ட பக்கம்

என் அன்பு அண்ணா,

பசறையில் மூன்று நாளாக மழை. அம்மா உங்கள் சட்டைகளை மறுபடியும் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறாள். எதுவும் காயவில்லை. அப்பா தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகிறார், வருகிறார்.

தோட்டத்தில் ஒரே பேச்சுத்தான். "கற்பூரத்த அணைச்சுச் சத்தியம் பண்ணிட்டு ஆகாசத்துல கரணம் அடிச்சான். ஆத்தா சும்மா விடுவாளா?" அம்மாவும் அதை நம்புகிறாள். "பெத்தவளுக்குக் குடுத்த வாக்க மதிக்கலையேடா" என்று உங்கள் படத்தைப் பார்த்துக் கேட்கிறாள். நீங்கள் மீறவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

போன தீபாவளிக்கு வந்திருந்தீர்கள். கொழும்பில் மெக்கானிக் வேலையோடு சின்ன விமானம் ஓட்டப் பழகுவதையும், அடுத்ததாகத் தலைகீழாகப் புரட்டப் பழக்குவார்கள் என்பதையும் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னீர்கள்.

"விழுந்துற மாட்டியாடா?"

"வார் போட்டுக் கட்டுவாங்கம்மா. நம்ம பசறை பஸ்ஸவிட இது பத்திரம்."

நான்தான் பதுளைப் பள்ளிக்கூடத்து இங்கிலீஷைக் காட்டிக்கொள்ள உங்கள் விமானப் பாடப் புத்தகத்தை எடுத்து அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். இறக்கைகள் தாங்காத பாரம் வரலாம், ஓட்டுபவருக்குக் கண் இருட்டலாம், தாழ்வாகச் செய்தால் மேலே எழ இடமிருக்காது. பக்கம் முடிந்தது, புத்தகத்தை மூடிவிட்டேன். அம்மா எழுந்து போய்க் கற்பூரம் ஏற்றி, "தலைகீழாப் புரட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணுடா" என்றாள். நீங்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அந்தச் சுடரை உள்ளங்கையால் அணைத்தீர்கள்.

அடுத்த பக்கத்தை, உங்கள் சாமான்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் படித்தேன். வேகம் குறைந்து விமானம் சுழன்று விழும்போது, பயந்த கை கட்டுப்பாட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுக்குமாம். இழுத்தால் சுழற்சி நிற்காது. தரையை நோக்கி விழும்போதும் முன்னால்தான் தள்ள வேண்டும். கைக்கு அதைப் பழக்கத்தான், நல்ல உயரத்தில், வாத்தியார் கூட இருக்க, அந்தக் கரணங்கள். அண்ணா, உங்கள் கை இழுத்ததா?

முப்பதாம் நாள் காரியத்துக்கு வந்த உங்கள் வாத்தியாரை, அந்த யாழ்ப்பாணத்துக்காரரை, வாசலில் பிடித்துக் கேட்டேன்.

"கரணமொண்டும் அடிக்கேல்லைப் பிள்ளை. மழை மறைச்சுது, கீழ இறங்கித் திரும்பினவன், பிளேன் சுழண்டு விழுந்திட்டுது. பழகடா எண்டு எத்தினை தரம் சொன்னனான். அம்மாவுக்குச் சத்தியம் செய்திட்டன் எண்டு ஒரே பிடி."

"பழகியிருந்தா பொழைச்சிருப்பாங்களா?"

"சொல்ல ஏலாது. அவன் நிண்ட உயரம் காணாது. பழகேக்கையே செத்த பெடியன் ஒருத்தனையும் எனக்குத் தெரியும். ஆனா பழகியிருந்தா, அவ்வளவு கீழ வைச்சுத் திருப்பியிருக்கவே மாட்டானோ என்னவோ."

அந்த 'என்னவோ'வை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

சொல்லாவிட்டால் நீங்கள் வாக்குத் தவறியவராகவே இருப்பீர்கள். சொன்னால், தான் கேட்டு வாங்கிய சத்தியம்தான் உங்களைப் பழகவிடாமல் செய்தது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிடும். எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை. சொன்னாலும் நீங்கள் வரப்போவதில்லை.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். இந்தக் கடிதத்தை அந்தப் பத்திரிகைக்குத்தான் அனுப்புகிறேன். அச்சில் வந்தால் உங்கள் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, இந்த முறை நடுவில் நிறுத்தாமல், கடைசி வரி வரைக்கும் வாசிப்பேன். அதற்குப் பிறகு அம்மா என் முகத்தைப் பார்க்காவிட்டாலும் வாசிப்பேன், அண்ணா.

பாதியில் புத்தகத்தை மூடிய
உங்கள் ஒரே தங்கச்சி,
கமலா