பாஸ்போர்ட் வந்து சேரும்வரை

அன்புள்ள அம்மா,

நான் நலம். உன் கண் எரிச்சல் குறைந்ததா? போனில் பேசினால் அழுதுவிடுவேன்; அதனால் இதை எழுதிப் படமெடுத்துத் தங்கைக்கு அனுப்புகிறேன். அவள் வாசித்துக் காட்டுவாள்.

பயப்படாதே. உன் கண் ஆபரேஷனுக்கு என்னால் வர முடியாது, அவ்வளவுதான். நான் பாடம் சொல்லிக்கொடுக்கும் குடும்பம் வழக்கம்போலப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த நாட்டுக்குப் பறந்துவிட்டது. நான் ஊருக்குக் கிளம்பலாமென்று பார்த்தால் பாஸ்போர்ட்டைக் காணோம். மெத்தை, அலமாரி, குப்பைக்கூடை எல்லாவற்றையும் தலைகீழாகப் புரட்டினேன். "வீட்டை இன்னைக்கே காலி பண்ணணும்மா, வேற ஆளுங்க வர்றாங்க" என்கிறார் வாட்ச்மேன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இன்று காலையில் மாணவி அங்கிருந்து போனில் கூப்பிட்டாள். அப்பாவோடு ஒரு மொழி, அம்மாவோடு ஒரு மொழி, என்னோடு தமிழ் பேசுகிற எட்டு வயதுப் பெண்.

"டீச்சர், பாஸ்போர்ட் எங்கிட்டதான் இருக்கு. நீங்க போனா திரும்பி வர மாட்டீங்க."

"ஏம்மா அப்படி நினைச்சே?"

"முன்னாடி இருந்த டீச்சர் யாருமே வரலையே."

எப்போதும் மூன்று மொழியையும் கலந்தடிப்பவள், இதை மட்டும் பிழையில்லாமல் சொன்னாள். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. திரும்பி வருவேன் என்று சத்தியம் செய்தேன். அந்த எண்ணமே எனக்கு இல்லை, அம்மா.

அவள் அப்பா பாஸ்போர்ட்டை அனுப்பும் கூரியர் வர ஒரு வாரமாகுமாம். அதுவரை எங்கே தங்குவதென்று தெரியவில்லை.

கண் கட்டுப் பிரித்ததும் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அதைப் பதிவுசெய்து அனுப்பு. இங்கே எல்லோருக்கும் நான் டீச்சர்தான்.

வாட்ச்மேன் கதவைத் தட்டுகிறார்.

உன் பெரியவள்