கிருத்திகையன்று கொண்டுபோன முட்டை

திருத்தணி,
புதன்கிழமை

அன்பு மகள் ஜெமிமாவுக்கு அம்மா எழுதுவது. ஸ்காட்லாந்துக் குளிரில் காது மூக்கெல்லாம் பத்திரமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். கர்த்தருடைய தயவால் இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். நைனாவுக்கு இருமல் விட்டது, பேட்டரிக் கடையில் வியாபாரம் மந்தம்தான், ஆனால் கவலைப்படும்படி இல்லை. தம்பி பரீட்சைக்குப் படிக்கிறேன் என்கிறான், புத்தகம் திறந்திருக்கிறது, அதுவரைக்கும் உண்மை. நீ அழுதுகொண்டே பேசினதற்கு உடனே பதில் எழுதியிருக்க வேண்டும், தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. போனில் சொன்னால் "ஆங்ம்மா, ஆங்ம்மா" என்று வைத்துவிடுகிறாய். எழுதினதை அப்படி வைக்க முடியாதே, அதனால்தான் தாளில் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கையெழுத்தைப் பெரிதாக்கிப் படி.

டவுன் ஹாலில் ஊர் ஜனங்களுக்கு இயற்பியலை விளையாட்டாகச் செய்து காட்டுகிற நிகழ்ச்சியில், இரண்டு இரும்புக் கிண்ணங்களை வாயோடு வாய் சேர்த்து, உள்ளே இருக்கும் காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சிவிட்டு, இதை எப்பேர்ப்பட்ட பலசாலியாலும் பிரிக்க முடியாது என்று நீ மைக்கில் சொன்னதும் ஒரு சின்னப் பெண் வந்து சுலபமாகப் பிரித்துவிட்டாள், ஹாலே சிரித்தது என்றாய். வருகிற சனிக்கிழமை மறுபடியும் அதே மேடை, வேறு யாரையாவது நிற்கச் சொல்லுங்கள் என்று வியாழக்கிழமை புரொபசரிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றாய். அதைச் சொல்லாதே கண்ணு. பால் பொங்கினாலே பதறுகிற அம்மாவா இப்படிச் சொல்கிறாள் என்று நினைக்காதே, போன ஞாயிற்றுக்கிழமை பள்ளிப்பட்டில் எனக்கு நடந்ததைப் படித்துவிட்டு முடிவு செய்.

என்னோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் ஷோபனா பள்ளிப்பட்டுக்காரி என்று உனக்குத் தெரியும். அவள் வீட்டுக்காரர் தணிகைவேல் தறி வைத்திருக்கிறார். ஞாயிறு சாயங்காலம் தறி நிற்கும், நெசவாளர் சங்கக் கட்டடத்துக்கு ஜனங்கள் வருவார்கள், நீங்கள் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுகிற வேடிக்கையெல்லாம் எங்கள் ஊருக்கும் காட்டுங்கள் என்றார்கள். நீ பத்தாவது படிக்கும்போது சர்ச்சில் கோடை லீவு வி.பி.எஸ். வகுப்புப் பிள்ளைகளுக்கு நாம் இருவரும் செய்தோமே, பாட்டிலுக்குள் காகிதத்தைக் கொளுத்திப் போட்டு வாயில் அவித்த முட்டையை வைத்தால் அதுவே உள்ளே போகுமே, அதைத்தான் முதலில் காட்டுவது என்று முட்டைகளை அவித்து உரித்து டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை. எல்லாம் மலைக்குப் போய்த் திரும்புகிற கூட்டம், எங்கே பார்த்தாலும் சந்தனம் பூசின மொட்டைத் தலை. எனக்கு இடம் கொடுத்த அம்மாளின் பேரன், அவனும் மொட்டை, என் மடியிலிருந்த பையில் தலை வைத்துத் தூங்கியே போனான். அன்றைக்குக் கிருத்திகை என்பது எனக்கு நன்றாகத் தெரிகிறது, பஸ் கூட்டத்தை மனசுக்குள் திட்டிக்கொண்டும் வருகிறேன், முட்டை நசுங்காமல் இருக்க வேண்டுமே என்ற கவலை வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை பார்.

மேடையில் டப்பாவைத் திறந்து ஒரு முட்டையை உயர்த்திக் காட்டினேன். முன் வரிசையில் யார் என்று பார்த்தால் பஸ்ஸில் இடம் கொடுத்த அதே அம்மாள், ரத்தினம்மாள் என்று பெயர். "இன்னாம்மா இது, கிருத்திகையும் அதுவுமா முட்டைய தூக்கினு வந்துகீற? காலையிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படாம மல ஏறிட்டு வந்துகீறோம், எம் பேரன் இதும்மேலயா தல வச்சுகினு தூங்கினான்?" என்று கேட்டார். பின்னாலிருந்து ஒருவர், "டீச்சர் ஆம்லெட் போடப் போறாங்க, தட்டு எடுத்துனு வாங்கடா" என்றார். ஷோபனா தலையில் கை வைத்துக்கொண்டாள். நம் வீட்டில் அந்தக் கணக்கு இல்லாததால் தோன்றவில்லை என்று சொன்னால் சாக்குச் சொல்வது போலாகிவிடும். தப்புதாங்க, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். டப்பாவை வெளியே அனுப்பி, கை கழுவிவிட்டு வந்தேன். வீட்டுக்கு ஓடி வந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் பாட்டில் மேடையில் நிற்கிறது, அத்தனை பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பழமாக இருந்தால் பரவாயில்லையா என்று ரத்தினம்மாளையே கேட்டேன். "பழத்துக்கு இன்னா, தாராளமா காட்டு" என்று மலையில் பூசை பண்ணி எடுத்து வந்த பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை நீட்டினார். சாமி பழத்தை நான் இப்படிச் செய்யலாமா என்று தயங்கினதற்கு, "அவரு கொழந்த சாமி, அவரும் வேடிக்க பாப்பாரு, போ" என்றார்.

வாழைப்பழத்தை வைத்து நான் செய்ததே இல்லை. நுனித் தோலை உரித்து, காகிதத்தைக் கொளுத்திப் போட்டு, வாயில் வைத்தேன். காகிதம் எரிந்து புகைந்து அணைந்ததுதான் மிச்சம், பழம் அசையவில்லை. "பாட்டிலும் கிருத்திகை விரதம் டீச்சர், ஒண்ணும் முழுங்காது" என்றார் அந்தப் பின்வரிசைக்காரர். ஹாலே சிரித்தது. உன் ஹால் சிரித்தது போலத்தான். எனக்கும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது, அதோடு பயமும் போய்விட்டது. பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போய், இதோ பழத்துக்கும் வாய்க்கும் நடுவில் சந்து இருக்கிறது, காற்று இந்த வழியாக உள்ளே போய்விட்டது என்று காட்டினேன். வாய்க்குச் சரியாக அடைக்கிற மாதிரி வேறொரு பழம் வாங்கி, பாட்டில் வாயை ஈரமாக்கி மறுபடியும் வைத்தேன். நெருப்பு அணைந்தது, பழம் ஒரு நடுக்கம் நடுங்கியது, அப்புறம் தோலையெல்லாம் வெளியே விட்டுவிட்டுப் பழம் மட்டும் பொளக்கென்று உள்ளே போய் விழுந்தது. விசில் சத்தத்தில் காது அடைத்துவிட்டது. ரத்தினம்மாள் மேடைக்கே வந்து பாட்டிலின் அடியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ள யாரும்மா இழுக்கறது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசைக்காரர் எழுந்து, "உள்ள யாருமில்ல பெரீம்மா, வெளிய இருக்கற காத்துதான் தள்ளுது, மொத தடவ சந்து வழியா பூந்துட்ச்சு, இப்ப பூர வழியில்ல" என்கிறார்!

சர்ச்சில் ஒவ்வொரு தடவையும் முட்டை முதல் முறையிலேயே உள்ளே போகும், பிள்ளைகள் கை தட்டுவார்கள், ஒரு பிள்ளைகூட ஏன் என்று கேட்டதில்லை. பள்ளிப்பட்டில் போகாமல் நின்றதால்தான் அத்தனை பேரும் உற்றுப் பார்த்தார்கள். உன் கிண்ணத்துக்கும் என் பழத்துக்கும் வந்தது ஒரே கோளாறு, எங்கேயோ காற்றுப் புகுந்துவிட்டது, அவ்வளவுதான். அதை ஒளித்து வைக்காதே. சனிக்கிழமை அந்தச் சின்னப் பெண் வந்திருந்தால் முதலில் அவளையே கூப்பிட்டு, காற்று இருக்கும் கிண்ணத்தை அவள் கையில் கொடு, பிரிக்கட்டும், சிரிக்கட்டும். அப்புறம் எல்லார் முன்னாலும் கிண்ணங்களுக்கு நடுவே வருகிற ரப்பர் வளையத்துக்குக் கிரீஸ் தடவி, காற்றை எடுத்துவிட்டு அதே கிண்ணத்தை அவள் அப்பாவிடம் கொடு. என் பெண்ணுக்குச் செய்ய வரும், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் நீ மேடையில் நிற்கிற நேரத்துக்கு இங்கே நான் ஜெபத்தில் இருப்பேன், அது என் சுபாவம், விட்டுவிடு.

மேடையில் நீ காட்டுகிற, பட்டால் கை உறைந்துபோகிற அந்தத் திரவ நைட்ரஜனைத் தொடும்போது கையுறையைக் கழற்றாதே, தலைமுடியை இறுக்கிக் கட்டு, நிகழ்ச்சிக்கு முன்னால் வெறும் காபியோடு நிற்காமல் ஏதாவது சாப்பிடு. நீ போகிற வழியிலும் நிற்கிற இடத்திலும் கர்த்தர் துணையாக இருந்து உன்னைத் தைரியப்படுத்துவாராக. நைனாவும் தம்பியும் ஆசீர்வாதமும் முத்தமும் சொல்லச் சொன்னார்கள், யார் எது என்று நீயே பிரித்துக்கொள்.

உன் அம்மா,
பெர்சிஸ்

மறந்துவிட்டேன். கிளம்பும்போது ரத்தினம்மாள் என் கையைப் பிடித்து, "கிருத்திகை இல்லாத நாளாப் பாத்து வா, அந்த முட்டையையும் பாத்துடலாம்" என்றார். காலண்டர் பார்த்து அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை மேடைக்கு நானே வருகிறேன் என்று நீ உன் புரொபசரிடம் சொன்னதும் எனக்கு ஒரு வரி அனுப்பு.