நிற்கிற மரத்துக்குத் திட்டம் இல்லையாம், மாமா

சொந்த மகளைப் போல என்னை அதட்டவும் உரிமை எடுத்துக்கொண்ட என் மாமாவுக்கு,

நீங்கள் கண்ணை மூடிய பிறகு நிலத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் மகனுக்குப் போட்டாதாங் துறைமுகக் கிடங்கில் வேலை, நினைத்தபோது வர முடியாது. நான் பஸ் பிடித்து மாவ்பி ஊரைத் தாண்டிப் போய் வருகிறேன். நடவு நேரத்தில் அங்கேயே தங்கிவிடுவேன். மருமகள் வந்து வயலில் நிற்பாள் என்று நீங்கள் நினைத்திருக்க மாட்டீர்கள். நானும்தான் நினைக்கவில்லை.

ஓடைக்கரையைப் பற்றித்தான் எழுத வந்தேன். மனசு ஆறவில்லை.

வயலுக்கும் ஓடைக்கும் நடுவில் மூங்கிலும் நாவலும் மண்டிக் கிடக்கிற அந்தத் துண்டை நீங்கள் கடைசிவரை உழவிடவில்லை. அதையும் வயலாக்கினால் இன்னும் கொஞ்சம் நெல் வருமே என்று உங்கள் மகன் எத்தனை தடவை சண்டை பிடித்திருப்பார்! நீங்கள் அசையவில்லை.

இந்தக் கோடையில் அரசாங்கத் திட்டம் ஒன்று வந்தது. ஓடையோரம் நிலம் வைத்திருப்பவர்கள் கரையில் மரம் வளர்த்து, மண் கரையாமல் காத்தால் உரமும் விதைநெல்லும் தருவார்களாம். கேட்டதும் உங்கள் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. யாரும் கேட்காமலே நீங்கள் செய்து வந்த காரியம். இப்போதாவது அதற்கு ஒரு மதிப்பு வந்ததே என்று, இருப்பதிலேயே நல்ல லோன்ஜியைக் கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனேன்.

கரையைப் பார்க்க ஒரு பெண் அதிகாரி வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். கரை முழுக்க நடந்து பார்த்துவிட்டு, நாவல் நிழலில் நின்று தண்ணீர் குடித்தார். அப்புறம், உங்களுக்குக் கிடைக்காது என்றார். திட்டம் புதிதாக மரம் நடுகிறவர்களுக்காம். இங்கே நட இடமே இல்லையாம். அப்படியானால் இருக்கிற மரத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது எதிலும் சேராதா என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தி, "வெட்டிட்டு நட்டீங்கன்னா கிடைக்கும்" என்றார்.

கிண்டலாகச் சொல்லவில்லை, மாமா. எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிகிறது.

வீட்டுக்கு வந்து சொன்னால், உங்கள் மகன் வெட்டினால் என்ன என்கிறார். முடியாது என்றேன்.

ஆனால் ஓடைக்கு மேல்பக்கத்து நிலத்துக்காரர் கோ மியோ வெட்டிவிட்டார். நீங்கள் வெற்றிலை மடித்துக் கொடுத்துப் பேசிக்கொண்டிருப்பீர்களே, என்னைப் பர்மிய மரியாதையில் 'மா செல்வி' என்பாரே, அவர்தான். அவர் மேல் முழுக்கக் கோபப்படவும் முடியவில்லை. உரம் விற்கிற விலையில் யாருக்குத்தான் ஆசை வராது? புதரையும் மூங்கிலையும் வேரோடு தோண்டி எடுத்துவிட்டு, வரிசையாகக் கன்று நட்டார். ஆபீசிலிருந்து வந்து போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு பலகையும் நட்டுவிட்டுப் போனார்கள்.

மழை பிடித்தது. ஓடை ஏறிய அன்றைக்கு அவர் கரை கன்றுகளோடு, பலகையோடு இடிந்து போய்விட்டது. நம் கரை அசையவில்லை. அசையாமல் இருந்து என்ன? அவர் பக்கத்து உடைப்பு வழியாகத் தண்ணீர் சுற்றிக்கொண்டு நம் வயலுக்குள் இறங்கி, நட்ட நாற்றின் மேல் மணலைக் கொட்டிவிட்டுப் போனது. முழங்கால் சேற்றில் நின்று கூடை கூடையாக அள்ளினேன். அள்ளித் தீருகிற மணலா அது?

திரும்பவும் ஆபீசுக்குப் போனேன். வெள்ள உதவி, கரை உடைந்தவர்களுக்குத்தானாம். உங்கள் கரைதான் உடையவில்லையே என்றார்கள். நீங்களே சொல்லுங்கள், வெட்டி நட்டவருக்கு உதவி, உடைந்தவருக்கு உதவி. கெடாமல் வைத்திருந்தவள் எந்த வரிசையில் போய் நிற்பது?

அடுத்த சில நாளில் கோ மியோ நம் வரப்பில் வந்து நின்றார். உடைப்பை அடைக்க மூங்கில் கிழங்கு வேண்டுமாம். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அந்த உடைப்பு இன்னும் அகன்றிருந்தது. இன்னொரு மழைக்கு மிச்ச வயலும் போய்விடும். கடப்பாரையை எடுத்துக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன். அவரும் அவர் மனைவியும் நானுமாக நம் கரையிலிருந்து கிழங்கு தோண்டி, அங்கே கொண்டுபோய் நட்டோம். நம் பக்கம் அடர்ந்து கிடந்த இடத்தில் மட்டும்தான் தோண்டினேன், பயப்படாதீர்கள்.

அது துளிர்விட்டதும் அதே அதிகாரி வந்தார். திட்டத்தில் நட்டது என்று அதையும் போட்டோ எடுத்துக்கொண்டார். ஒதுங்கிப் போய் நின்றேன்.

அவர் போன பிறகு கோ மியோ என் பக்கத்தில் வந்தார். "அடுத்த தடவை நானும் உங்களோட ஆபீசுக்கு வர்றேன், மா செல்வி. உரத்துக்காகத்தான் வெட்டினேன்னு நானே அவங்ககிட்ட சொல்றேன்" என்றார்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்பார்களே என்றேன்.

"கேக்கட்டும்" என்றார்.

இத்தனை மாசத்தில் என் காதில் விழுந்த நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

மழை விட்டதும் ஓடையோரத்துக் குடும்பங்கள் எல்லோரும் சேர்ந்து ஆபீசுக்குப் போகிறோம், நிற்கிற மரத்தையும் திட்டத்தில் சேர்க்கச் சொல்லி. கேட்பார்களா, பழைய பதிலையே சொல்லி அனுப்புவார்களா, தெரியாது. அனுப்பினால் அடுத்த வருஷமும் போவேன். ஆனால் உங்கள் கரையில் என் கை அரிவாளை வைக்காது, மாமா. நான் இருக்கிறவரை வேறு யாரையும் வைக்கவிடவும் மாட்டேன்.

இப்போது உங்கள் வயலைத் தன் வயல் என்று சொல்லப் பழகிவிட்ட,
உங்கள் மருமகள் செல்வி,
ரங்கூன்.